மாமா வளர்த்த மேனேஜர்

அன்று காலை சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முன்பின்னாக மாற்றிச் சொன்னால் மாமா பாவம் என்றும் அத்தை கல்நெஞ்சுக்காரர் என்றும் தோன்றிவிடும். அது நியாயமில்லை.

முதலில் பேசியது அத்தைதான். வலது காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்து, கணுக்காலில் பிளாஸ்திரி ஒட்டியபடி, இந்த மாதத்தில் இது நான்காவது என்றார். மூன்றாவது என்றுதான் தனக்கு ஞாபகம் என்றார் மாமா. அத்தை நிமிர்ந்து பார்த்தார். நான்காகவும் இருக்கலாம் என்று மாமா ஒத்துக்கொண்டார். அடுத்து அத்தை, முதல் தேதி தன் தங்கை வரப்போவதை நினைவூட்டினார். தங்கைக்கு இந்த ஊரில் ஒரு மாதப் பயிற்சி. குழந்தையும் கூட வருகிறது. பதினொரு மாதம், தவழ்கிற பருவம். தவழ்கிற குழந்தையின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று மாமாவிடம் கேட்டார். மாமா நாற்காலியிலிருந்து குனிந்து, கையால் உத்தேசமாக ஓர் உயரம் காட்டினார். உங்கள் கோழியின் அலகும் அதே உயரத்தில்தான் இருக்கிறது என்றார் அத்தை. குழந்தைகளை அது கொத்தாது, அதற்குத் தெரியும் என்றார் மாமா. என்ன தெரியும், பிறந்த தேதி விசாரித்துவிட்டுக் கொத்துமா என்று அத்தை கேட்க, மாமா உதவிக்கு என் பக்கம் திரும்பினார். நான் என் தட்டைப் பார்த்தேன்.

பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் நீவிவிட்டு, குரலை உயர்த்தாமல் அத்தை சொன்னார்: "முதல் தேதிக்குள்ள அது ஒழுங்கா இருக்கணும். இல்லேன்னா பிளாஸ்டர்காரர்கிட்ட குடுத்துடுவேன். அவர் ரெண்டு தடவ கேட்டாச்சு."

"அவர் வீட்ல கோழியே வளக்கலியே."

"வளக்கறதுக்குக் கேக்கல."

அதோடு பேச்சு முடிந்தது. முதல் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. பல் கிளினிக்குகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று அம்மா அவரைப் பற்றிச் சொல்வார். அந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் நிறையப் பேர் அவர் செய்த பல்லால்தான் கடிக்கிறார்கள். முன்பு ஒரு பெரிய லேபில் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து வேலை செய்தவர். முதுகுவலி வந்த பிறகு வீட்டின் பின்பக்க அறையிலேயே மேஜை போட்டுக்கொண்டார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அந்த அறையில் அவரும், ஒரு ஸ்பிரிட் விளக்கும், இளஞ்சிவப்பு மெழுகும், அலமாரி முழுக்க முகமில்லாத பிளாஸ்டர் தாடைகளும்தான். அந்தத் தாடைகளை வார்க்கிற மாவைக் கொண்டுவந்து கொடுப்பவர்தான் பிளாஸ்டர்காரர். அத்தை தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வராதவர்களிடம் ஏச்சு வாங்கிவிட்டு வீட்டுக் கொல்லையில் கோழியிடம் கொத்து வாங்க வேண்டியிருக்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டதில் தவறே இல்லை. நான் மாடி அறையில் இரண்டு வருஷமாக இருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுச் சீட்டுகளைத் தமிழில் பெயர்ப்பது என் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாம்.

கோழிகள் மொத்தம் நான்கு. முட்டைக்காக அத்தைதான் வாங்கி வந்தார். மூன்று கோழிகள் கோழிகளாகவே இருந்தன. நான்காவது, சிவப்பு நிறம், கழுத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அத்தைதான். முட்டை வைப்பது குறைவு, மேற்பார்வை அதிகம் என்பது காரணம். தீனித் தட்டில் மற்ற மூன்றையும் அண்டவிடாது. யாராவது கொல்லைப் படியில் நின்றால் போதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து காலில் ஒரு கொத்து. காலை இழுத்துக்கொண்டால் இன்னும் ஒன்று, முதலைவிடப் பலமாக. கிளினிக் ரிசப்ஷன் பெண் பல் அச்சு கொடுக்க வந்தபோது அவள் பேண்ட்டைப் பிடித்து இழுத்தது. ஒருமுறை வேலை மேஜைமேல் பறந்து ஏறி, மெழுகில் பதிக்க வைத்திருந்த கடைவாய்ப்பல் ஒன்றை விழுங்கிவிட்டது. மாமா இரண்டு நாள் ஒரு குச்சியோடு அதன் பின்னாலேயே அலைந்தார். கிடைத்ததா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே நல்லது என்று பட்டது.

இவ்வளவு இருந்தும் மாமாவுக்கு அதை விட மனமில்லை. பத்து மணிக்கு அது அறைக்குள் நுழைந்தால் சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே இருக்கும். அந்த அறைக்கு வேறு யாரும் தானாக வருவதில்லை. அவசர வேலையோடு வருகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

மேஜைப் பேச்சு நடந்த அன்று மாலையே நூலகத்திலிருந்து ஒரு கோழி வளர்ப்புப் புத்தகத்தை எடுத்து வந்தார். அது அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. எனக்குத் தெரியும். முரட்டுக் கோழிகள் என்ற அத்தியாயத்தை நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, அவர் பல்செட் அளவு எழுதுகிற தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டார். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம்.

கோழி எதிர்த்து வந்தால் பின்வாங்காதே, ஓரடி முன்னால் வை என்றது புத்தகம். மாமா முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். கோழி கொத்தியது. இதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய், மன்னிப்பு புத்தகத்தில் இல்லை என்று சொன்னேன். பழக்கம், வாயில் வந்துவிட்டது என்றார்.

அடங்காத கோழியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொள், அது திமிறுவதை நிறுத்தும்வரை கீழே விடாதே என்றது அடுத்து. இதில் மாமா நன்றாகத்தான் இருந்தார். இடது அக்குளில் கோழியும் வலது காதில் தொலைபேசியுமாக, நாளைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்துகிற ரிசப்ஷன் பெண்ணுக்குச் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டு கொல்லையில் நடந்தார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டது. அடங்கிவிட்டது என்று மகிழ்ந்தார். கீழே விட்டதும், தூக்கு என்று காலில் கொத்தியது.

மூன்றாவது, மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து மூன்று நாள் தனியாக அடைத்து வை, திரும்பி வரும்போது அதிகாரம் குறைந்திருக்கும் என்பது. அத்தைக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. கம்பிக் கூடை ஒன்றை அவரே வாங்கி வந்தார். ஆனால் மாமா அந்தக் கூடையைத் தன் வேலை மேஜைக்கடியில் கொண்டுபோய் வைத்தார். கொல்லையில் தனியாக இருந்தால் அதற்கு மனசு விட்டுப்போகும் என்றார். மூன்று நாள் தண்டனை முடிந்து வெளியே வந்த மேனேஜர் முன்னைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. வந்த வேகத்தில் தீனித் தட்டிலிருந்த மூன்றையும் விரட்டிவிட்டு, துணி உலர்த்தப் போன அத்தையின் காலுக்குப் போயிற்று.

"இதென்ன ஜெயிலா, மாமியார் வீடா?" என்று அத்தை கேட்டார். ஐந்தாவது பிளாஸ்திரி. எட்டு நாள் கழிந்திருந்தது.

எனக்கும் பொறுமை போய்விட்டது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் பொய் சொல்கிறாரா, நான் தப்பாகப் பெயர்க்கிறேனா என்றுகூட ஒரு சந்தேகம். அந்த அத்தியாயத்தை இன்னொரு தடவை சொல்லுக்குச் சொல் படித்தேன். தப்பில்லை.

ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல். வெந்நீர் வைத்துக்கொள்ளக் கீழே வந்தவள், மாமாவுக்கும் டீ வேண்டுமா என்று கேட்கப் பின்னறை வாசலில் போய் நின்றேன். அவர் முன்பற்கள் பதித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மெழுகு இளகியிருக்கும்போது பல் ஒரு மயிரிழை சாய்ந்தாலும், போட்டுக்கொள்கிறவர் ஆயுசுக்கும் கன்னத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். அதனால் காத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் மேஜைக்கடியில் இருந்தது. மாமாவின் இடது காலில் ஒரு கொத்து கொத்தியது. மாமா தலையைத் தூக்கவில்லை. வலது கை பல்லிலேயே இருக்க, இடது கை மட்டும் தானாகக் கீழே போய், நாற்காலிக் காலருகே இருந்த பழைய மெழுகு டப்பாவிலிருந்து நாலு சோளக் குருணையை எடுத்துப் போட்டுவிட்டு மேலே வந்தது. கோழி தின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு கொத்து. மறுபடியும் கை கீழே போனது. ஆறு முன்பற்கள் பதித்து முடிப்பதற்குள் பதினொரு தடவை. மூன்று தடவை தாமதமானபோது கோழி பலமாகக் கொத்த, கையும் வேகமாகப் போயிற்று.

அவர் இடது காலில் மட்டும் எப்போதும் தடித்த சாக்ஸ் போட்டிருப்பார். அது முதுகுவலியோடு சேர்ந்த ஏதோ நரம்புத் தொந்தரவு என்று இரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிர்ந்ததும் சொன்னேன். கொத்தினால் குருணை கிடைக்கும், பலமாகக் கொத்தினால் சீக்கிரம் கிடைக்கும் என்று நீங்கள்தான் பாடம் நடத்தியிருக்கிறீர்கள், அது எல்லோர் காலிலும் போய் அதைத்தான் கேட்கிறது என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் அதற்கு முன் பேசியதில்லை.

"நானா?" என்றார்.

"பதினொரு தடவ, மாமா."

இடது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் குருணைத் தூள் ஒட்டியிருந்தது. வேலை நேரத்தில் கோழி தொந்தரவு செய்யாமலிருக்க எப்போதோ ஒன்றிரண்டு போட்டது உண்டு, இவ்வளவு என்று தெரியாது என்றார். நான் நம்பினேன். நம்பியதால் எரிச்சல் கூடத்தான் செய்தது. தெரிந்து செய்கிறவரிடம் சண்டை போடலாம். தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிற ஒரு கையிடம் என்ன பேசுவது?

அத்தையிடம் சொன்னபோது, அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பன்னெண்டு வருஷமா என் தம்பிக்கு நடந்ததும் இதானே. முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா இவர் பேனா வாங்கித் தருவார், சைக்கிள் வாங்கித் தருவார்" என்றார். முதல் தேதியை மாற்ற முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

புதிதாக ஏற்பாடு செய்தோம். குருணை காலையும் மாலையும் கொல்லையில் மட்டும், அதுவும் இரண்டு தட்டுகளில், தள்ளித் தள்ளி. அப்போதுதான் மேனேஜர் ஒரு தட்டை ஆளும்போது மற்ற மூன்றும் இன்னொன்றில் தின்னும். கொத்தினால் ஒன்றும் கிடையாது. பார்க்கக்கூட வேண்டாம். மாமா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பல் பதிக்க உட்கார்ந்தார். முதலில் இன்னும் மோசமாகும், அப்போது விட்டுக்கொடுத்தால் எல்லாம் போயிற்று என்று புத்தகம் அடுத்த அத்தியாயத்தில் எச்சரித்திருந்தது. மோசமாகத்தான் ஆனது. டொக் டொக்கென்று பூட்ஸில் விழுகிற கொத்து மாடி வரை கேட்டது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு மற்றவர்கள் பல்லைப் பதித்தார்.

அத்தைக்கும் ஒரு வேலை இருந்தது. கோழி வரும்போது அவர் துள்ளிப் பின்னால் போவதை நிறுத்த வேண்டும். என் வீட்டில் நான் இதற்கு நடந்து காட்ட வேண்டுமா என்று கேட்டார். ஆனாலும் செய்தார். அலுவலகத்திலிருந்து வந்த கையோடு, கைப்பை தோளில் தொங்க, புகார் மனுவை வாங்காமல் திருப்பி அனுப்புகிற முகத்தோடு, ஓரடி முன்னால் வைத்தார். மேனேஜர் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு, வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல் சுவரோரமாகத் திரும்பிப் போயிற்று. அத்தை உள்ளே வந்தார். அன்று அவர் இரண்டு தடவை கொல்லைக்குப் போனார். போக வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

புது ஏற்பாட்டின் நான்காம் நாள் கிளினிக்கிலிருந்து ஒரு பல்செட் திரும்பி வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. அதைப் போட்டுக்கொண்டு அவர் 'ச' சொல்லும்போதெல்லாம் விசில் அடிக்கிறதாம். கூட்டத்தில் பேச வேண்டியவர், சபையோரே என்று ஆரம்பிக்க முடியவில்லையாம். ரிசப்ஷன் பெண் இதை ஐந்து நிமிஷம் சொன்னாள். மாமா சரிம்மா என்றார். அன்று பிற்பகல் பின்னறையில் டொக் டொக் சத்தம் சட்டென்று நின்றது. நான் படியிறங்கிப் போனேன். தரையில் மஞ்சளாக நாலு தூள்.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "கை நடுங்குதும்மா. பாவம், அந்த மனுஷன் பேசணும்."

நான் மாடிக்கு வந்து மருந்துச் சீட்டில் ஒரே வரியை மூன்று தடவை அடித்தேன். ஒருநாள் விட்டுக்கொடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மீதி ஒன்பது நாள். இத்தனைக்கும், கொத்து பொறுக்காமல் கை நடுங்கியதால்தான் விசிலே வந்தது. அதைச் சொல்லி அவரைத் திட்டவும் முடியாது. அந்த ஒன்பது நாளும் என் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறை மூலையில் உட்கார்ந்து வேலை செய்தேன். அவர் இடது கை கீழே போகும்போதெல்லாம் தொண்டையைக் கனைத்தேன். கை மேலே வந்துவிடும். வாழ்நாளில் நான் அவ்வளவு கனைத்ததில்லை. கிளினிக்குக்கு அந்த வாரம் இரண்டு பல்செட் தாமதமாகத்தான் போயின. அந்த ஒன்பதில் ஏழாம் நாள் டொக் டொக் குறைந்தது. எட்டாம் நாள் மேனேஜர் ஒரே ஒரு தடவை கொத்திப் பார்த்துவிட்டு, என் நாற்காலிக்கும் வந்து சோதித்துவிட்டு, வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது.

முதல் தேதி அத்தையின் தங்கை குழந்தையோடு வந்தார். வந்தவர் கொல்லைப் படியில் நின்று கால் கழுவினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். மேனேஜர் வந்தது. ஈரக் காலைப் பார்த்தது. பக்கத்தில் தரையை ஒரு கொத்து கொத்தியது. ஒன்றும் விழவில்லை. போய்விட்டது. "கோழி சாதுவா இருக்கே" என்றார் தங்கை. அத்தை மாமாவைப் பார்க்காமல், பிளாஸ்டர்காரர் அடுத்த வாரம் வரும்போது கோழியைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம் என்றார். அந்த வீட்டில் மாமாவுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். அன்று முழுக்க அவர் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் தங்கை குறைப்பட்டுக்கொண்டார்: குழந்தை சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்கிறது, வாயைத் திறந்தால் பிஸ்கட் வாசனை. அடுத்த நாள் அத்தை கவனித்தது அதைவிட மோசம். குழந்தை தவழ்ந்து போகிற வழியெல்லாம் பிஸ்கட் துணுக்கு. துணுக்கின் பின்னாலேயே மேனேஜர். குழந்தை கையிலிருந்த கடைசித் துண்டுக்கு அலகை நீட்டிய நேரத்தில் அத்தை பாய்ந்து குழந்தையைத் தூக்கிவிட்டார். விரலுக்கு ஒன்றுமில்லை. இனி ஒரு தடவை அது குழந்தையின் கையருகே வந்தால் பிளாஸ்டர்காரருக்குத் தானே தொலைபேசி செய்வேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பின்னறைக்குப் போய் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தை மேஜைக்கடியில் போய் மாமாவின் பேண்ட்டை இழுத்திருக்கிறது. பல் பதிக்கிற நேரம். இழுத்தால் பிஸ்கட். பலமாக இழுத்தால் சீக்கிரம் பிஸ்கட்.

சாயங்காலம் மாமா என் அறைக் கதவைத் தட்டினார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பிஸ்கட் டின். வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். குழந்தை டின்னைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் டின்னைத் தள்ளிப் பிடித்தார், பிறகு மூடியைத் திறக்கப் போனார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"இத உன் பெட்டில வச்சுப் பூட்டும்மா," என்றார். "சாவிய எங்கிட்ட காட்டாத. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

"கெஞ்சினீங்கன்னா?"

"கெஞ்சுவேன். அப்பவும் குடுக்காத."